சித்தப்பா பழையதிலேயே இருந்தார்

சித்தப்பாவின் மேசையில் மவுஸ் எப்போதும் இடது பக்கம்தான் இருக்கும். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டுமே அவருக்கு மிச்சம். வளைகுடாவில் ஓர் அரபி முதலாளியின் படகில் பதினொரு வருடம் மீன்பிடித்தவர். ஒரு நாள் வலையிழுக்கும் எந்திரத்தின் கம்பிவடம் நடுவிரல்கள் மூன்றையும் கொண்டுபோய்விட்டது. ஆழிப்பேரலை வந்துபோன மறுவருடம் அவர் ஊர் திரும்பியபோது, கடற்கரையில் எங்கள் குடும்பவீடு நின்ற இடத்தில் மணல்தான் கிடந்தது. அதனால் கோட்டாற்றில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மாடியறை அவருக்கு ஆயிற்று. பேசி வைத்திருந்த கல்யாணம், பெண்வீட்டார் வந்து கையைப் பார்த்துவிட்டுப் போனதோடு நின்றது. அதன் பிறகு இரண்டு மாதம் அவர் மாடியிலிருந்து இறங்காமல் இருந்தார். அவருக்குப் பொழுது போகட்டும் என்று அப்பா ஒரு கணினியை வாங்கி மாடியில் வைத்தார். இணைய இணைப்பும் வந்தது.

அதில் அவர் ஆடியது ஓர் இணைய விளையாட்டு. அதை அவர் வளைகுடாவிலேயே, ஆஸ்பத்திரியில் படித்துக்கொண்டு வந்திருந்தார். கை ஆறிக்கொண்டிருந்த நாட்களில், இடது கையைப் பழக்குவதற்காக ஒரு பிலிப்பைன்ஸ் நர்ஸ் தன் மடிக்கணினியைக் கொடுத்துச் சொல்லித்தந்தாராம். உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் ஒரே நேரத்தில் உள்ளே வந்து, ஆளுக்கொரு வேஷம் போட்டுக்கொண்டு, ஒரு கற்பனை நாட்டில் சேர்ந்து அலைகிற விளையாட்டு. அதில் எல்லாமே நிதானம். போக வேண்டிய இடத்தைச் சுட்டினால் ஆள் தானாக நடப்பான். சண்டையில்கூட ஒருவர் அடித்து முடித்த பிறகுதான் மற்றவர் முறை வரும். ஒரு கை போதும். சித்தப்பா அதில் வைத்தியர். பூதத்தோடு மோதி அடிபட்டு நிற்பவர்களைச் சுட்டிச் சுட்டிக் குணப்படுத்துவது அவர் வேலை. அந்த நாட்டில் துறைமுகம் ஒன்று உண்டு. அங்கே மற்றவர்கள் தூண்டில் போட்டு மீன் பிடிப்பார்கள். சித்தப்பா அவர்களுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார். நீங்களும் பிடிக்கலாமே என்று கேட்டால், “இங்கனயுமா?” என்பார்.

நான் அப்போது எட்டாம் வகுப்பு. பள்ளி விட்டு வந்ததும் மாடிக்கு ஓடிவிடுவேன். அவர் மவுஸைப் பிடிப்பார், நான் அவருக்காகத் தட்டச்சு செய்வேன். “எல்லாரும் எனக்க பொறத்தால நில்லுங்கன்னு சொல்லு மக்கா” என்பார். நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அடிப்பேன். நர்ஸ், துபாயில் லாரி ஓட்டும் ஒரு மலையாளி, போலந்தில் எங்கோ ஒரு தபால்காரர் என்று பத்திருபது பேர் அவர் பின்னால் நிற்பார்கள். அவர்கள் குழுவுக்குக் கடப்புறம் என்று பெயர், எங்கள் பக்கத்தில் கடற்கரையை அப்படித்தான் சொல்வோம். மாடியை விட்டு இறங்காத மனிதருக்கு அங்கே இத்தனை பேர் காத்திருந்தார்கள். பிறகு எனக்கும் ஒரு ஆளை உருவாக்கித் தந்தார். பெயரைக் கேட்டபோது என் பெயரைச் சொன்னேன்.

“ஏட்டி, ஆம்பளப் பேரா வையி. படகுல நூறு விதமான ஆளு இருப்பான், கேட்டியா” என்றார்.

நானும் ஒரு ஆண் பெயரை வைத்துக்கொண்டேன்.

கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது அந்த விளையாட்டின் இரண்டாம் பாகம் வந்தது. அதே நாடு, இருநூறு வருடம் கழித்து. காட்டில் காற்றடித்தால் ஒவ்வோர் இலையும் தனித்தனியாக அசைந்தது. நான் மடிக்கணினியை மாடிக்குக் கொண்டுபோய்ச் சித்தப்பாவுக்குக் காட்டினேன். துறைமுகம் எங்கே என்றுதான் முதலில் கேட்டார். காட்டினேன். கதைப்படி அங்கே கடல் உள்வாங்கிவிட்டது. கப்பல்கள் மணலில் சாய்ந்து கிடந்தன. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கடலு வத்திப்போச்சே மக்கா.”

“அது கதை சித்தப்பா. சண்டை எல்லாம் எப்படி இருக்கு பாருங்க.”

சண்டையைப் பார்த்தார். புதியதில் யாரும் முறைக்குக் காத்திருக்கவில்லை. இடது கை விசைகளில் ஓட வேண்டும், வலது கை குறி பார்க்க வேண்டும், அடி விழும் முன் உருண்டு விலக வேண்டும். என் இரண்டு கைகளும் ஓடுவதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது இப்போது தெரிகிறது. அன்று எனக்கு அது உறைக்கவில்லை. பழையதா புதியதா என்பது எனக்கு ஒரு கேள்வியாகவே இருக்கவில்லை. “நீங்களும் வாங்க” என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.

கடப்புறத்துக்காரர்கள் ஒவ்வொருவராகப் புதியதற்குப் போனார்கள். தபால்காரர் போனார், மலையாளி போனார். நான் புதியதிலும் அதே ஆண் பெயரை வைத்துக்கொண்டு, வேறொரு குழுவில் சேர்ந்தேன். பெரிய நகரங்களின் பையன்கள் நான்கு பேர், கெட்டிக்காரர்கள். அவர்களிடம் நான் சென்னையில் படிக்கிற பையன் என்று சொல்லி வைத்திருந்தேன். தட்டச்சில் அவர்களைப் போலவே பேசினேன், மெதுவாக ஆடுகிறவர்களை அவர்களைப் போலவே கேலி செய்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் உட்கார்ந்திருந்தேன். நாங்கள் ஐந்து பேரும் ஒரு குகை வாசலில் நின்றோம். அப்போது புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கொடுக்கிற சாதாரண உடுப்பில் ஒருவன் தட்டுத்தடுமாறி வந்தான். பாறையில் முட்டினான், திரும்பினான், மறுபடி வந்தான். என் முன்னால் நின்று, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, ஆங்கில எழுத்தில் ‘மக்கா’ என்று அடித்தான். சிறிது நேரம் கழித்து, ‘நான் வந்துட்டேன்.’

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நான்கு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குகைக்குள் ஓடினோம். அவரும் பின்னால் வந்தார். முதல் நெருப்புக்குழியைத் தாண்ட முடியாமல் விழுந்து செத்தார். எழுந்து வந்து மறுபடி விழுந்தார். அவர் எழுப்பிய சத்தத்தில் காவல் பூதங்கள் வந்து எங்கள் எல்லோரையும் கொன்றன. பையன்கள் சிரித்தார்கள், பிறகு திட்டினார்கள். இந்த முட்டாளை யார் கூட்டி வந்தது? ஒருவன் என்னைக் கேட்டான்: “உனக்குத் தெரிஞ்ச ஆளா?”

நான் அடித்தேன்: “தெரியாது. யாரோ.”

அந்த வரி எல்லோருடைய திரையிலும் வந்தது, மாடியில் இருந்த திரையிலும். அந்த உடுப்புக்காரன் அசையாமல் நின்றான். ஒவ்வோர் எழுத்தாக ஒற்றை விரலால் தேடித் தேடி அடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கழித்து, ‘மன்னிக்கணும். ஆள் மாறிப்போச்சு’ என்று வந்தது. பிறகு அவன் மறைந்தான். தலைக்கு மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

அரை மணி நேரத்தில் சாப்பிட இறங்கி வந்தார். நெய்மீன் குழம்பு. நடுத்துண்டை எடுத்து, வழக்கம் போல, என் தட்டில் வைத்தார். அம்மாவிடம் புளி கொஞ்சம் முந்திவிட்டது என்றார். நான் தலை நிமிரவில்லை. புதியது எப்படி என்று அப்பா கேட்டதற்கு, “நமக்குக் கை வழங்கல்லே அண்ணா. பழசு போதும்” என்றார்.

அதன்பின் அவர் புதியதற்குள் வரவில்லை. பழையதில் ஆட்கள் குறைந்துகொண்டே போனார்கள். மாடிக்குப் போகும்போதெல்லாம் வெறிச்சோடிய அந்தத் துறைமுகத்தில் சித்தப்பாவின் வைத்தியன் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பேன். நான் மாடிக்குப் போவதும் குறைந்தது. ஒருநாள் அப்பா பொறுக்கமாட்டாமல் கேட்டார்: “லேய், ஆளில்லாத ஊருல தனியா இருந்து என்னத்தயாக்கும் பாக்குத?”

“யாராம் வந்தா ஒரு ஆளு இருக்கணும்லா” என்றார்.

படிப்பு முடிந்து நான் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டு வருடம் ஆகியிருக்கும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் சித்தப்பா போனில் கூப்பிட்டார். அவர் கூப்பிடுவதே அபூர்வம். “பழச மூடப்போறானுவளாம் மக்கா. இண்ணைக்கி நாலு மணிக்கு. ஒரு எட்டு வாறியா?”

என் பழைய ஆள் அப்படியே இருந்தான். துறைமுகத்தில் அன்று பதினொரு பேர் கூடியிருந்தார்கள். நர்ஸ் வந்திருந்தார், தபால்காரரும் வந்திருந்தார். யாருக்கும் காயமில்லை. ஆனாலும் சித்தப்பா ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் நின்று வைத்தியம் பார்த்தார். எனக்கும் பார்த்தார். போனை இருவரும் வைக்காமலே இருந்தோம்.

மூட ஐந்து நிமிடம் இருக்கும்போது, “ஏட்டி, உனக்கிட்ட ஒரு காரியம் கேக்கணும்” என்றார்.

“சொல்லுங்க சித்தப்பா.”

“அண்ணைக்கி புதுசுல வச்சி அந்தப் பயலுவ கேட்டப்பம், நீ தெரியாதுன்னு சொன்னியே. நான் ஒடனே மனசிலாக்கிட்டேன். பொம்பளப் பிள்ளன்னு தெரிஞ்சா அவனுவ சும்மா இருப்பானுவளா? நான்தான் புத்தியில்லாம மக்கான்னு கூப்புட்டு உன்னைக் காட்டிக்குடுக்கப் பாத்தேன். இத்தன வருசமா மனசுல கெடக்கு. அவனுவ பெறவு உனக்குத் தொந்தரவு ஒண்ணும் செய்யல்லியே?”

அப்படியில்லை சித்தப்பா, நான் வெட்கப்பட்டேன், உங்களைப் பார்த்து வெட்கப்பட்டேன் என்று சொல்ல வேண்டிய இடம் அது. பத்து வார்த்தைகூட இல்லை.

“இல்ல சித்தப்பா. ஒண்ணும் செய்யல” என்றேன்.

“செரி. அப்பம் நிம்மதி.”

திரை கறுத்தது. “சாப்பிட்டியா?” என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். வைத்துவிட்டார்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகும்போது நேரில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். போனேன். மாடியறையில் கணினிக்குத் துணி போர்த்தியிருந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்து, சன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். “வா மக்கா” என்று நகர்ந்து இடம் கொடுத்தார். மெலிந்திருந்தார். வேலையைப் பற்றிக் கேட்டார், பெங்களூர்க் குளிரைப் பற்றிக் கேட்டார். நான் இரண்டு முறை வாயைத் திறந்தேன். அந்த முகத்தில் நிம்மதி இருந்தது. அதை எடுத்துவிட்டு என் பாரத்தை வைப்பதா என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். அது நியாயமா, பழைய கோழைத்தனம்தானா என்று இன்றுவரை தெரியவில்லை. தவக்காலத்தில் ஒருநாள் காலையில் அம்மா காப்பியோடு மாடிக்குப் போனபோது அவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி என்றார்கள். நான் வந்துசேர்வதற்குள் பெட்டியை மூடிவிட்டார்கள்.

அவர் உண்மையிலேயே அப்படித்தான் நம்பினாரா, அல்லது எனக்காக அப்படி ஒரு வழியைத் திறந்து வைத்தாரா என்று சில நாட்களில் யோசிக்கிறேன். கேட்க ஆளில்லை. புதியதையும் நான் விட்டு வெகுநாளாகிறது. அந்தப் பையன்கள் நான்கு பேரும் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாது. அவர்கள் முன்னால் குறைந்துவிடக் கூடாது என்றுதான் அன்று அந்த வரியை அடித்தேன். அவர்களில் ஒருவன் பெயர்கூட இன்று எனக்கு நினைவில்லை.