சிவப்பு மூடிப் பெட்டியில் போன அவரைக்காய்

சாயம் கொதிக்கும்போது எழும்புகிற வாசனையை நல்ல வாசனை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பழைய தகர டப்பாவில் தண்ணீர் தளதளவென்று கொதித்து, அதில் சிவப்புச் சாயத்தூள் விழுந்து, அதற்குள் பனங்குருத்தோலைச் சுருள் இறங்கியதும், வேகவைத்த புல்லும் துருப்பிடித்த இரும்பும் கலந்ததைப் போல ஒரு நெடி கிளம்பி மூக்கின் உச்சியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அன்றைக்கு மத்தியானம் சாப்பிடுகிற மீன்குழம்பில்கூட அதுதான் அடிக்கும். எனக்கு மட்டும் அது பிடிக்கும். பிடிக்கும் என்று சொன்னால் உம்மா என்னை ஏற இறங்கப் பார்ப்பார்.

பழவேற்காட்டில் எங்கள் தெருவில் அப்போது பன்னிரண்டு வீடுகள். ஆந்திரம் தனியாகப் பிரிந்துபோன மறு வருஷமோ அதற்கு அடுத்த வருஷமோ, எனக்குச் சரியாக நினைவில்லை. ஏரியில் பாதி யாருடையது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தது மட்டும் காதில் இருக்கிறது. ஆண்கள் லுங்கி மூட்டையோடு பொன்னேரி, கவரைப்பேட்டை என்று ஊர் ஊராக வியாபாரத்துக்குப் போய்விடுவார்கள். பெண்கள் வீட்டுக்குள் பாய் விரித்து உட்கார்ந்து ஓலைப்பெட்டி முடைவார்கள். உம்மாவின் கை அந்தத் தெருவில் பேர்போன கை. அவர் முடைந்த பெட்டியில் தண்ணீர் ஊற்றினால் ஒழுகாது என்று சொல்வார்கள். ஒருநாள் ஊற்றிப் பார்த்தேன், ஒழுகியது, முதுகில் ஒன்று வாங்கினேன்.

ஓலைக்கு அடுத்தபடி உம்மா உயிரை வைத்திருந்தது கொல்லைப்புறத்துத் தோட்டத்தின் மேல்தான். எங்கள் ஊர் மண் கடல்மண், எதைப் போட்டாலும் பல்லிளிக்கும். உம்மா அதில் அடுப்புச் சாம்பலையும் ஆட்டுப் புழுக்கையையும் போட்டுப் போட்டு, மீன் கழுவின தண்ணீரை ஒரு சொட்டு வீணாக்காமல் ஊற்றி, அவரைப்பந்தலும் கொத்தவரையும் பூசணியும் கொண்டுவந்துவிட்டார். கழித்துப் போட்ட ஓலை ஈர்க்குகளைக் கட்டித்தான் பந்தல். அந்தக் காயில் ஒன்றைக்கூட அவர் விற்றதில்லை. முதல் பறிப்பு தெருவுக்கு, இரண்டாவது பறிப்புதான் எங்கள் அடுப்புக்கு.

கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் எங்கள் தெருவில் ஒரு முறை இருந்தது. எந்த வீட்டுக்கு எது போனாலும் கூடையில் போகும், வெறுங்கூடையாகத் திரும்பாது. முருங்கைக்கீரை போனால் இரண்டு முட்டை வரும், முட்டை போனால் கொஞ்சம் மாசிக் கருவாட்டுத்தூள் வரும். குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அஞ்சலைகூட, கொத்தவரங்காய் வாங்கிக்கொண்ட கூடையில் ஒரு பிடி எறாவைப் போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பாள். இவையெல்லாம் மூடியில்லாத கூடைகள். மூடி போட்டு, விளிம்பில் சிவப்பு ஓலை ஓடுகிற பெட்டி ஒன்று உண்டு. அது வேறு சங்கதி. பையன் வீட்டிலிருந்து பெண் வீட்டுக்கு முதன்முதலாகப் போகிற பெட்டி அது. வாயால் யாரும் கேட்க மாட்டார்கள். பெட்டி போகும். பெண் வீட்டாருக்குச் சம்மதம் என்றால் அதில் சர்க்கரை போட்டு அனுப்புவார்கள். இல்லையென்றால் வேறு எதையாவது போட்டு அனுப்புவார்கள். இரண்டு பக்கமும் முகம் முறியாது.

இவ்வளவும் இன்றைக்கு எனக்குத் தெரியும். ஒன்பது வயதுச் சிறுமியாக இருந்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் மூடி போட்டால் மழை உள்ளே போகாது என்பது மட்டும்தான்.

மார்கழித் தூறல் பிடித்துக்கொண்ட ஒரு காலை நேரம். உம்மா அவரைக்காய் பறித்துக்கொண்டே, கொல்லையிலிருந்து குரல் கொடுத்தார்: "முறத்துல கீறத எத்துக்கினு போயி சுலைகா மாமி ஊட்ல குட்து வா." சுலைகா மாமி எங்களுக்கு மூன்றாவது வீடு. புருஷன் இறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது, ஒரே மகள் ஹமீதா. ஹமீதா லாத்தாவுக்குப் பதினேழு வயது இருக்கும். எங்கள் பக்கம் அக்காவை "லாத்தா" என்போம், அண்ணனைக் "காக்கா" என்போம். எனக்குப் பேன் பார்த்துவிடுவதும், வெட்டி வீசிய ஓலைத்துண்டில் கிளி செய்து கொடுப்பதும் ஹமீதா லாத்தாதான். அவளிடம் போவதென்றால் எனக்குக் கால் தரையில் நிற்காது.

கூடையைத் தேடினேன். இருந்த இரண்டும் வேறு வீடுகளுக்குப் போயிருந்தன. மூலையில், யாரோ கல்யாணத்துக்குச் சொல்லிவைத்து உம்மா முடித்துவைத்திருந்த சிவப்பு மூடிப் பெட்டி இருந்தது. காயை அதில் கொட்டினேன், மூடினேன், நடந்தேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தெருமுனையில் அஞ்சலை கூடையை இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றி நாலு பெண்கள். "இன்னா கண்ணு, செவப்புப் பொட்டி எத்துக்கினு போற? காக்காவுக்குப் பொண்ணு பாத்தாச்சா?" என்று கேட்டாள். என் காக்கா அப்போது மெட்ராஸில் ஒரு துணிக்கடையில் வேலையாக இருந்தார். அவருக்கும் இந்தப் பெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தலையை ஆட்டிவிட்டேன். தூறலில் நிற்கப் பிடிக்காமல் ஆட்டியிருக்கலாம். பெரியவர்கள் கேட்டால் ஆமென்று சொல்வது பழக்கம் என்பதாலும் இருக்கலாம்.

சுலைகா மாமி பெட்டியைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். மூடியைத் திறந்து அவரைக்காயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் காயைப் பார்த்தார். "மொதக் காயா?" என்றார். "ஆமா மாமி" என்றேன், அது உண்மைதான். அவர் கண் கலங்கிவிட்டது. பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய் வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்து, மூடிய பெட்டியை என் கையில் கொடுத்தார். ஹமீதா லாத்தா கதவுக்குப் பின்னால் நின்றாள், வெளியே வரவில்லை. பேன் பார்க்கவும் கூப்பிடவில்லை. நான் என்ன தப்புச் செய்தேன் என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

உம்மா மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு தாளில் சர்க்கரை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அடி விழும் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டேன். விழவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. "வழில யாரு பாத்தாங்கோ?" என்று மட்டும் கேட்டார். அஞ்சலையையும் அந்த நாலு பெண்களையும் சொன்னேன். தலையாட்டியதையும் சொன்னேன். உம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

காக்காவுக்குப் பொன்னேரியில் என் மாமா மகளைக் கட்டுவதாக உம்மாவும் மாமாவும் முந்தைய வருஷமே பேசி முடித்திருந்தார்கள். இரண்டு வீட்டைத் தாண்டி அது வெளியே போயிருக்கவில்லை. தன் அண்ணனுக்குக் கொடுத்த வாக்கை உம்மாவால் மீற முடியாது. சர்க்கரை வந்த பெட்டிக்கு மறுப்புச் சொல்லவும் முடியாது. சொன்னால் சர்க்கரை போட்டும் வேண்டாமென்று ஒதுக்கப்பட்ட பெண் என்ற பேர் ஹமீதா லாத்தாவுக்கு ஒட்டிக்கொள்ளும். தகப்பனில்லாத பெண்ணை அதற்குப் பிறகு யார் வந்து கேட்பார்கள்? இதெல்லாம் வாப்பா வியாபாரத்துக்குப் போய் ஊரில் இல்லாத நேரத்தில். உம்மாவுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. அன்றைக்குப் பந்தலுக்குத் தண்ணீர் ஊற்றக்கூட மறந்துவிட்டார்.

மறுநாள் காலையில் என்னையும் இழுத்துக்கொண்டு சுலைகா மாமி வீட்டுக்குப் போனார். ஹமீதா லாத்தா கிணற்றடிக்குப் போகும்வரை காத்திருந்து, நடந்ததைச் சொன்னார். மாமி சத்தம் போடவில்லை, அழவுமில்லை. "காயிக்கு செவப்புப் பொட்டியான்னு எனக்கும் தோணுச்சு லாத்தா. நீங்கோ தோட்டக்காரி, மொதக் காயப் போட்டுப் பொண்ணு கேக்குறீங்கோன்னு நெனச்சுக்கினேன். நெனக்க ஆசயா இருந்திச்சு" என்றார். உம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு இருவரும் ஏதோ தாழ்ந்த குரலில் பேசினார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சண்டை என்றால் ஏன் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள், சமாதானம் என்றால் ஏன் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை?

அன்று மத்தியானமே எங்கள் வீட்டில் சாயம் கொதித்தது. கையிருப்பில் இருந்த குருத்தோலை அத்தனையும் டப்பாவில் இறங்கியது. சுலைகா மாமி தன் வீட்டுக் கத்தியோடு வந்து உம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தார். ஹமீதா லாத்தாவும் வந்தாள். மூவரும் சிவப்பு விளிம்புப் பெட்டிகளை முடைந்தார்கள். உம்மாவுக்கும் மாமிக்கும் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஹமீதா லாத்தா குனிந்த தலை நிமிராமல் ஓலை கிழித்துக் கொடுத்தாள், ஆனால் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வருவதும் ஒளிவதுமாக இருந்தது. நடுவில் என்னைக் கூப்பிட்டு, "காக்காவுக்கு இன்னா கொழம்பு புடிக்கும்?" என்று காதோடு காதாகக் கேட்டாள். தெரிந்ததைச் சொன்னேன். நான் சொன்னதை மனசுக்குள் எழுதிக்கொண்டவள் மாதிரி தலையசைத்தாள். அவளிடம் அவள் உம்மா இன்னும் எதுவும் சொல்லவில்லை என்பதும், சொல்ல வாய் வரவில்லை என்பதும் எனக்கு எப்படித் தெரியும்? அத்தனை பெட்டியும் தன் கல்யாணத்துக்கு என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆறாம் நாள் காலை உம்மா பந்தலை மொட்டையடித்தார். பிஞ்சைக்கூட விடவில்லை. பன்னிரண்டு பெட்டிகள் நிறைந்தன: எங்கள் வீடு தவிர்த்துத் தெருவில் பதினொன்று, பன்னிரண்டாவது அஞ்சலைக்கு. "மொதக் காயி இனிமே செவப்புப் பொட்டிலதான் போவும், உம்மா அப்டிதான் இந்த வர்சம் மொதக்கொண்டு வச்சிக்கீறாங்கோன்னு சொல்லணும், எல்லா ஊட்லயும் அதயே சொல்லு" என்று என்னை மூன்று தடவை சொல்லவைத்துக் கேட்ட பிறகே அனுப்பினார். வீடு வீடாகப் போனேன். எல்லா வீட்டிலும் மூடியைத் திறந்து திருதிருவென்று விழித்தார்கள். பிள்ளையே இல்லாத வீட்டுக்கும் பெட்டி போயிற்று, கிழவர் தனியாக இருந்த வீட்டுக்கும் போயிற்று. அஞ்சலை, "எனக்குமா? எம்பொண்ணுக்கு மூணு வயசுதான் ஆவுது" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரிப்பிலேயே விஷயம் முடிந்துவிட்டது. அந்த ஓலைக்காரம்மாவுக்கு இது ஒரு புதுக் கிறுக்கு, சுலைகா வீட்டுக்கு முதலில் போன பெட்டியும் அதில் ஒன்றுதான் என்று தெரு பேசிக்கொண்டது. ஹமீதா லாத்தாவின் பேரை யாரும் எடுக்கவில்லை. உம்மா நினைத்தது நடந்துவிட்டது.

கடைசிப் பெட்டியை மூன்றாவது வீட்டுக்கு எடுத்துப் போனேன். கதவைத் திறந்தது ஹமீதா லாத்தா. சொல்லச் சொன்னதை ஒப்பித்தேன். அவள் பெட்டியை வாங்கிக்கொண்டு விளிம்பை விரலால் தடவினாள். அது அவள் கிழித்துக் கொடுத்த ஓலைதான்.

"எல்லா ஊட்டுக்குமா?" என்றாள்.

"எல்லா ஊட்டுக்கும்" என்றேன், பெருமையாக.

அவள் கதவைச் சாத்தவில்லை, உள்ளேயும் போகவில்லை, அங்கேயே நின்றாள். நான்தான் திரும்பி நடந்தேன். நல்ல காரியம் செய்த குழந்தைக்குக் கிடைக்கவேண்டிய சந்தோஷம் எனக்குக் கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்க ஆளில்லை.

காக்கா மாமா மகளைக் கட்டினார். இரண்டு வருஷம் கழித்து ஹமீதா லாத்தாவுக்கு ஆரம்பாக்கத்தில் நல்ல இடம் வந்தது. நான் வாழ்க்கைப்பட்டு வேறு ஊர் போய், இப்போது கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் மகனோடு இருக்கிறேன். எங்கள் தெருவில் இன்றைக்கும் ஓலை முடைகிறார்கள். பெட்டிகள் லாரி ஏறிக் கடைகளுக்குப் போகின்றன, சிவப்பு விளிம்புக்குத்தான் கிராக்கி. ஆனால் அந்தப் பெட்டி போனால் என்ன அர்த்தம், சர்க்கரை வந்தால் என்ன அர்த்தம் என்று கேட்டுப் பாருங்கள், ஒருவருக்கும் தெரியாது. உம்மா வருஷா வருஷம் முதல் காயைச் சிவப்புப் பெட்டியில் அனுப்பினார். பார்த்துப் பார்த்து மற்றவர்களும் முட்டையையும் கீரையையும் அதிலேயே அனுப்பத் தொடங்கினார்கள், பெட்டிக்கு இருந்த பேச்சு போய்விட்டது. இப்போது பெண் கேட்பதெல்லாம் போனில்.

சில வருஷங்களுக்கு முன்பு கவரைப்பேட்டையில் ஒரு கல்யாணத்தில் ஹமீதா லாத்தாவைப் பார்த்தேன். பேரன் பேத்தி எடுத்துவிட்டாள், முழங்கால் வலி, பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். எத்தனையோ வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டேன்: உம்மா செய்தது உனக்கு நல்லதுதானே லாத்தா? "நல்லதுதான். உங்க உம்மா மாரி யாரு செய்வாங்கோ" என்றாள். பிரியாணித் தட்டு வந்தது. எனக்கு ஒரு கறித்துண்டை எடுத்து வைத்தாள். பிறகு தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்:

"ஆறு நாளு நான் உங்க ஊட்டு மருமவளா இருந்தேன்."

அதை நன்றியாகச் சொன்னாளா, குறையாகச் சொன்னாளா, எனக்குத் தெரியவில்லை. கேட்பதற்குள் யாரோ கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டாள்.