ஜேபஸ் தர்லோ தர வேண்டிய ஐம்பது கெஜம்

யார் எதைக் கேட்டாலும் ஜேபஸ் தர்லோ முதலில் வாயிலிருந்து புகையிலைப் பைப்பை எடுத்து அதன் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்ப்பார், பதில் அங்கே கிடப்பதுபோல. கடலோரக் காவலில் இருபத்தாறு வருடம் படகோட்டி ஓய்வுபெற்று, இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் கழிமுகத்து ஊருக்கு அவர் குடிவந்த நாளிலிருந்தே எல்லோரும் பார்க்கும் பழக்கம் அது.

1911இல் அங்கே கடற்சாரணர் படை ஒன்றைத் தொடங்கினார். கடலுக்கென்று சாரணர் பிரிவு நாட்டிலேயே அப்போதுதான் முளைத்திருந்தது. ஒன்பது பையன்களும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். முடிச்சும் துடுப்பும் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. படகுதான் இல்லை. பக்கத்துப் பண்ணைச் சீமான் தன் பழைய பாய்ப்படகைத் தருவதாகச் சொன்னார். ஆனால், செப்டம்பருக்குள் ஒவ்வொருவனும் ஐம்பது கெஜம் நீந்திக் காட்ட வேண்டும்.

அங்கேதான் சிக்கியது. அந்த ஊரில் மீனவன் எவனும் நீந்தக் கற்பதில்லை. வீடு வீடாக ஏறி இறங்கிய ஜேபஸுக்கு ஒரே பதில்தான்: "மார்த்தா அனுப்பினா நாங்களும் அனுப்புறோம்." மார்த்தா பாலன்ட் அப்பாவையும் கணவனையும் கடலுக்குக் கொடுத்தவள். அவள் மகன் வால்டர் அந்த ஒன்பது பேரில் ஒருவன்.

மார்த்தா இறால் அவித்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ரெண்டு பேரும் கனமான பூட்ஸோட போனாங்க. சட்டுனு முடிஞ்சுபோச்சு. நீந்தத் தெரிஞ்சிருந்தா மணிக்கணக்கா துடிச்சிருப்பாங்க. என் வால்டருக்கு மெதுவா சாகச் சொல்லிக்குடுக்கவா வந்தீங்க?"

"நீந்தினா பொழைக்கலாமே, மார்த்தா."

"சரி, நீங்க எத்தன கெஜம் நீந்துவீங்க?"

ஜேபஸ் பைப்பை எடுத்தார். சாம்பல்தான் இருந்தது.

"அட கடவுளே! இருபத்தாறு வருஷம் ராஜா சம்பளம் வாங்கின மனுஷனுக்கு வாத்துக்குஞ்சுக்குத் தெரிஞ்சது தெரியலையா?" வயிறு குலுங்கச் சிரித்து ஓய்ந்தவள் சொன்னாள்: "ஒரு பேச்சு பேசிக்குவோம். வால்டர அனுப்புறேன். அவன் தேறினா நீங்களும் அதே ஐம்பது கெஜம் நீந்தணும். நான் கரையில நின்னு பாக்கணும்."

"நீந்துறேன்" என்றார்.

ஆலைக் குளத்தங்கரையில் நீச்சல் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, "தவள மாதிரி ஒத!" என்று கத்தினார். பையன்கள் குளத்தைக் குடித்தார்கள். ஜூலை முடிந்தது. ஒருவனும் மிதக்கவில்லை.

"ஐயா, அதத் தவளைக்கே வாசிச்சுக் காட்டுங்க. எங்களவிட நல்லாப் புரிஞ்சுக்கும்" என்றான் வால்டர்.

ஜேபஸுக்கு வந்த கோபத்தில் புத்தகம் நடுக்குளத்தில் போய் விழுந்தது. அடுத்த நொடியே முகம் வெளிறிவிட்டது. அது பாதிரியாரிடம் இரவல் வாங்கியது. வால்டர் அதைப் பிடிக்க நாய்போலக் கையைக் காலை அடித்துப் போனான். மூழ்கவில்லை. செப்டம்பரில் ஒன்பது பேரும் ஐம்பது கெஜம் நாய்போலவே நீந்தினார்கள். படகு வந்தது.

மறுவருடம் மார்த்தா கேட்டாள், "தண்ணி எப்படி, ஜேபஸ்?"

"இந்த வருஷம் ரொம்பக் குளிர்."

ஒருநாள் விடிந்ததும் தனியாகப் போய்ப் பார்த்தார். முழங்காலுக்குத் தண்ணீர் ஏறியதும் கால் நகர மறுத்தது. இதை யாரிடம் சொல்வது? பன்னிரண்டு கோடையும் அவருக்குக் குளிராகவே இருந்தன.

1924 பிப்ரவரியில் மார்ச்சளி கண்டு படுக்கையிலேயே இறந்தார். சவப்பெட்டியின் ஒரு முனையை வால்டர் சுமந்தான். பின்னால் நடந்த மார்த்தாவுக்கு அவர் தர வேண்டிய ஐம்பது கெஜம் அப்படியே நின்றுபோயிற்று.