கடைசி வரிசைக்குக் கேக்குதா?

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவில் ஓடினேன், கடைசியாக வந்தேன், மைக் வாத்தியார் என் பேரைச் சொன்னார். தபால்காரர் சொன்னார், பல் டாக்டர் சொன்னார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்த பஸ் டிரைவர், சொல்லி முடிப்பதற்குள் கைக்குட்டையைத் தேடினார். வாத்தியாரின் மகள் நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"எங்களையே அப்படிக் கூப்பிட்டாருன்னா, பெத்த பொண்ணை எத்தனை தடவை கூப்பிட்டிருப்பாரு!" என்றார் டிரைவர்.

"ஒரு தடவை" என்றாள் மகள்.

ஏதோ அடக்கமாகச் சொல்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். அவள் சொன்னது உண்மை.

வாத்தியாருக்குப் பாடம் கணக்கு. மைக் பைத்தியம். விளையாட்டு விழா வருஷத்துக்கு ஒரு நாள், கால்பந்துப் போட்டி எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாளெல்லாம் அந்த வாய் சும்மா இருக்குமா? கரும்பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதிவிட்டு ஆரம்பிப்பார். "எக்ஸ் இடது பக்கத்திலேருந்து கிளம்பிட்டாரு! சமக்குறியை நெருங்குறாரு... தாண்டிட்டாரு! தாண்டின கையோட பிளஸ் சட்டையைக் கழட்டிட்டு மைனஸ் சட்டையை மாட்டிக்கிட்டாரு!" கணக்கு வராதவர்களுக்கும் சிரிப்பு வந்தது. சிலருக்குக் கணக்கும் வந்தது. வீட்டில் மனைவி அடுப்பைப் பற்றவைத்தால் அதற்கும் வர்ணனைதான். "உங்க வாய்க்கு ஒரு சுவிட்ச் வைக்காம விட்டுட்டாங்களே" என்று அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொள்வாள்.

மைக்கைக் கையில் எடுத்தால் நகத்தால் இரண்டு தட்டு தட்டுவார். ஒரு ஊதல். பிறகு, "கடைசி வரிசைக்குக் கேக்குதா?" மைதானத்தின் மறுகோடியிலிருந்து "கேக்குது சார்!" என்று கத்தல் வந்தால்தான் மேற்கொண்டு பேசுவார்.

ஓட்டப் பந்தயத்தில் அவர் வைத்திருந்த வழக்கம் வேறு யாரிடமும் கிடையாது. முதல் மூன்று பேரைச் சட்டுபுட்டென்று சொல்லி முடித்துவிடுவார். கடைசி ஆள் மூச்சு வாங்க, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரும்போதுதான் குரல் எழும். முழுப் பெயர், வகுப்பு, அணியின் நிறம், எல்லாம் வரும். "ஜெயிக்கிறவனுக்கு மைதானமே கத்தும். கடைசியா வர்றவனுக்கு என்னை விட்டா யாரு?" என்பார். தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தைக் காட்டிக்கொண்டே இருப்பார். வாத்தியார் அந்தப் பக்கம் திரும்பினால்தானே!

மகள் அதே பள்ளியில்தான் படித்தாள். ஒரு முறை கணக்கில் முழு மதிப்பெண் வாங்கினாள். ஆசிரியர் அறையில் யாரோ, "வினாத்தாள் வீட்டிலேயே இருந்தா நாமளும் வாங்கலாம்" என்று சொல்லிச் சிரித்தார்கள். மனிதருக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. அன்றிலிருந்து பள்ளியில் மகளை யாரோ மாதிரி நடத்தினார். வருகைப் பதிவின்போது எல்லோர் பெயரையும் கூப்பிடுவார். அவள் முறை வந்தால் நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒரு கோடு போடுவார், அவ்வளவுதான். வீட்டிலோ அவள் 'வாலு'. ஆசையாக வைத்த நிஜப் பெயர் அவர் வாயில் வருவதே இல்லை.

அவளுக்கு அந்தப் பெயரைக் கேட்க வேண்டும். அதுவும் மைக்கில். ஒன்பதாம் வகுப்பில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தாள். ஜெயிக்க வேண்டியதில்லை, தோற்றால் போதும். அந்தத் தகுதி அவளிடம் தாராளமாக இருந்தது. போதாததற்கு, தனக்கும் பின்னால் நொண்டிக்கொண்டிருந்த ஒருத்தியைக் காலணி நாடாவைக் கட்டுகிற சாக்கில் முன்னால் போகவிட்டாள்.

கடைசி வளைவில் திரும்பினாள். எதிரே நீண்ட வெள்ளைக்கோடு, அதன் முடிவில் ஒலிபெருக்கிக் கம்பம். அவள் காதை மட்டும் வைத்துக்கொண்டு ஓடினாள். கம்பம் கரகரத்தது.

"கடைசி வீராங்கனையும் வந்து சேர்ந்தாச்சு. அடுத்து, குண்டு எறிதல்."

தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் உட்கார்ந்து அழுதாள். ராத்திரி சாப்பிடும்போது அப்பா, "கால் வலிக்குதா வாலு?" என்று கேட்டார். "இல்லை" என்றாள். அதன்பிறகு அவள் அந்த மைதானத்தை மிதிக்கவே இல்லை. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குப் போனாள், கல்யாணம் செய்துகொண்டாள், அம்மாவைப் பறிகொடுத்தாள். அப்பா ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி மட்டும் நெஞ்சில் அப்படியே கிடந்தது.

வாத்தியாருக்குக் குரல் கம்மியபோது, கத்திக் கத்தி வந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். அவரும் உப்புத் தண்ணீரில் கொப்பளித்தே காலத்தைக் கடத்தினார். கடைசியில் புற்று என்று தெரிந்து, டாக்டர்கள் குரல்வளையையே எடுக்க வேண்டியதாயிற்று. கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. மகள் வந்து கூடவே இருந்தாள். எழுதிக்காட்ட ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தாள். அவர் கையெழுத்து கரும்பலகையிலேயே யாருக்கும் புரிந்ததில்லை, சிலேட்டில் புரிந்துவிடுமா? உதட்டைப் படிக்கப் பழகிக்கொண்டாள்.

போன மாதம் விளையாட்டு விழா. வீடு மைதானத்தை ஒட்டியே இருந்ததால் ஜன்னலைத் திறந்து வைத்தாள். அப்பா தலையணையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் வந்தது. புதிய அறிவிப்பாளர் முதல் மூன்று பெயரையும் சொன்னார். உடனே, "அடுத்து, குண்டு எறிதல்" என்றார்.

அப்பாவின் கை கட்டிலை அடித்தது. ஜன்னலைக் காட்டினார். மறுபடி அடித்தார். கண்ணில் தண்ணீர்.

"இன்னும் யாரோ ஓடிட்டிருக்காங்க. அதானேப்பா?"

ஆமாம் என்று தலையாட்டினார். அப்போதுதான் அவளுக்கு அது தாங்கவில்லை.

"நானும்தாம்ப்பா ஓடினேன். என் பேரை ஏன் சொல்லலே?"

கேட்டிருக்க வேண்டாம் என்று உடனே தோன்றியது. பதில் சொல்லக் குரல் இல்லாத மனிதரிடம் போயா கேட்பது! அவர் பக்கத்திலிருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்தார். வாய்க்கு நேரே பிடித்து, நகத்தால் இரண்டு தட்டு தட்டினார். ஊதினார். காற்று வாயில் வரவில்லை, கழுத்துத் துளையில் புஸ்ஸென்று வந்தது. அதைச் சட்டை செய்யாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

உதடு அசைந்தது. முதலில் அவள் பெயர், முழுசாக. பிறகு ஒன்பதாம் வகுப்பு, பி பிரிவு. பச்சை அணி. ஒன்றையும் மறக்கவில்லை மனிதர். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்தி, வளைவு திரும்பி அவள் வருவதைப் பார்த்துக்கொண்டே சொல்வதுபோல் சொன்னார். ஒரு சத்தமும் இல்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அவர் முடிக்கவில்லை. டம்ளரை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோய்ப் புருவத்தை உயர்த்தினார்.

கடைசி வரிசைக்குக் கேக்குதா?

மைதானத்தின் மறுகோடிக்கே எட்டுகிற மாதிரி அவள் கத்தினாள்.

"கேக்குதுப்பா!"