என் காலை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை

முதலில் என்னைக் கைவிட்டது இடக்கையின் சுண்டுவிரல்.

கோல்ஃப் மட்டையை இறுக்கிப் பிடிப்பவை இடக்கையின் கடைசி மூன்று விரல்கள். மற்றவை துணைக்குத்தான். இருபது வருடங்களுக்குக் கிட்ட மாணவிகளுக்கு இதைச் சொல்லி வந்தவள் நான். அன்று மாலை, புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு மட்டையை உயர்த்திக் காட்டியபோது, அது என் பிடிக்குள் மெல்லத் திரும்பியது. வலி இல்லை. விரல் அந்த இடத்தில் இல்லாதது போல இருந்தது. பெண்கள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

சுவிட்சர்லாந்தில், லுசேர்னுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பெண்கள் கோல்ஃப் அணிக்கு நான் பயிற்சியாளர். யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கும் கோல்ஃபுக்கும் என்ன தொடர்பு என்று எல்லோரும் கேட்பார்கள். அப்பா எங்கடின் மலைப் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தார். பக்கத்தில் கோல்ஃப் மைதானம். கோடை விடுமுறையில் பந்து பொறுக்கப் போனேன், அடிக்கவும் பழகினேன். அவ்வளவுதான் கதை.

அணியைத் தொடங்கியபோது மூன்று பெண்கள் இருந்தார்கள். மட்டைகள் ஆண்கள் அணி கழித்துவிட்டவை, எங்கள் உயரத்துக்கு நீளம் கூடியவை. ஆண்கள் பயிற்சியை முடித்துப் போன பிறகு, வெளிச்சம் இருக்கும்வரை எங்களுக்கு நேரம். முதல் சில வருடங்கள் எனக்குச் சம்பளம் கிடையாது. பிறகு சொந்தப் பயிற்சி நேரம் கிடைத்தது, குளிர்காலத்துக்கு ஓர் உள்ளரங்கம் கிடைத்தது, மற்றக் கல்லூரிகளோடு போட்டிகள் வந்தன. இப்போது சேர விரும்பும் பெண்கள் இடத்துக்காகக் காத்திருக்கிறார்கள். எதையும் யாரும் தூக்கித் தரவில்லை. ஒவ்வொன்றையும் சண்டை பிடித்துத்தான் வாங்கினேன்.

என் உடம்புக்காகவும் அப்படிச் சண்டை பிடிக்க வேண்டியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

என் காப்புறுதியின்படி எந்த நோய்க்கும் முதலில் குடும்ப வைத்தியரிடம்தான் போக வேண்டும். அவர் அனுப்பினால்தான் நிபுணர். விரலைப் பற்றிச் சொன்னதும் அவர் சிரித்தார்.

“கோல்ஃப் பயிற்சியாளருக்குக் கோல்ஃப் முழங்கை (முழங்கையின் உட்புறத் தசைநாண்களில் வரும் அழற்சி). புத்தகத்தில் உள்ளது போலவே வந்திருக்கிறது.”

“முழங்கை நோகவில்லையே, டொக்டர். விரல்தான் பிடிக்க மாட்டேன் என்கிறது” என்றேன்.

“நோகத் தொடங்கும்” என்றார். முழங்கையில் ஊசி போட்டார்.

இலையுதிர் காலத்தில் இடக்காலும் சேர்ந்துகொண்டது. அதை முதலில் கேட்டது என் கணவர் குகன். எம்மன்புரூக்கேயில் நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி. படியேறும்போது என் இடது சப்பாத்து ஒவ்வொரு படியிலும் உரசும் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கிறது.

“ராஜி, உம்மட கால் இழுபடுது. தெரியேல்லையோ?”

“களைப்பப்பா. போட்டிக் காலம்தானே.”

“களைப்பெண்டால் ரெண்டு காலும் எல்லோ களைக்க வேணும்?”

திரும்பவும் வைத்தியரிடம் போய், கால் இழுபடுகிறது என்றேன். இந்த வயதில் பெண்களின் உடம்பு மாறும் என்றார் வைத்தியர். மாதவிடாய் நிற்கும் காலம், நித்திரை குறையும், தசை தளரும் என்று விளக்கினார். காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக் காட்டத் தயாராக உட்கார்ந்திருந்தேன். அவர் மேசைக்குப் பின்னாலிருந்து எழும்பவே இல்லை.

மூன்றாம் முறை குகனையும் கூட்டிக்கொண்டு போனேன். அது நான் செய்த நல்ல காரியம், ஆனால் பலன் வேறு விதமாக வந்தது. வைத்தியர் என்னை விட்டுவிட்டு அவரோடு பேசத் தொடங்கினார். குகனின் ஜெர்மன் தடக்கும், என்னுடையது தடக்காது. நான் இந்த நாட்டுப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். இருந்தும் அவர் மெதுவாக, சொல் சொல்லாக, குகனிடம் சொன்னார்:

“உங்கள் பண்பாட்டில், மனத்தின் பாரம் உடம்பு முழுவதும் வலியாக வெளிவரும். உங்கள் மனைவி நிறைய வேலை செய்கிறார். நீங்கள் அவருக்குக் கொஞ்சம் உதவ வேண்டும்.”

வெளியே வந்து காருக்குள் ஏறினோம்.

“நீர் நோகுதெண்டு ஒருக்காலும் சொல்லேல்லையே” என்றார் குகன்.

“இல்லை. பிடிக்க ஏலாது, நடக்க ஏலாது எண்டுதான் சொன்னனான்.”

“அப்ப அந்தாள் ஆருடைய நோவைப் பற்றிக் கதைச்சவர்?”

இதை வாசிக்கும் நீங்களும் ஒருவேளை இப்படி ஓர் அறையிலிருந்து வெளியே வந்திருப்பீர்கள். உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. எது செய்ய முடியாமல் போயிற்று என்று சொல்லுங்கள். பொத்தான் போட முடியவில்லை, படியில் கால் தூக்கவில்லை, பேனை விழுகிறது என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்லியும் உங்களைத் தொட்டுப் பார்க்காத வைத்தியரிடமிருந்து எழுந்து வாருங்கள். நான் எழுந்து வரவில்லை. அவர் படித்தவர், அவருக்குத் தெரியும் என்று ஒரு குளிர்காலம் முழுவதும் முழங்கைக்கு உடற்பயிற்சி செய்தேன்.

வசந்தத்தில், மைதானத்தின் ஒரு சின்னச் சரிவில் விழுந்தேன். கல் இல்லை, ஈரம் இல்லை. காலை வைத்தேன், கால் வரவில்லை. பக்கத்தில் மிரியம் நின்றாள். அவள் என் பழைய மாணவி, இப்போது கணக்கியல் வேலைக்குப் போய்க்கொண்டே எனக்கு உதவிப் பயிற்சியாளராக வருபவள். என்னைத் தூக்கி உட்கார வைத்தவள் என் சப்பாத்தைக் கழற்றித் திருப்பிப் பார்த்தாள். இடது சப்பாத்தின் முனை தேய்ந்து உட்துணி தெரிந்தது. வலது சப்பாத்து புதிது போல இருந்தது.

“இது முழங்கை இல்லை, ராஜி” என்றாள். குடும்ப வைத்தியரிடம் கேட்கவில்லை. நேரே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வண்டியை விட்டாள்.

அங்கே வந்த நரம்பியல் வைத்தியர் இளம் பெண். வணக்கம் சொன்னதும் முதலில் செய்தது, என் காலுறைகளைக் கழற்றச் சொன்னதுதான். முழங்காலில் சிறு சுத்தியலால் தட்டினார். இடக்கால் அளவுக்கு மீறித் துள்ளி எழும்பியது. பிறகு உள்ளங்காலில் ஒரு குச்சியால் கீறினார். பெருவிரல் மேல்நோக்கி வளைந்தது. பாபின்ஸ்கி அறிகுறி என்று அதற்குப் பெயர் (பெரியவர்களுக்குப் பெருவிரல் இப்படி எழும்பினால் மூளையிலோ தண்டுவடத்திலோ கோளாறு இருக்கக்கூடும்). எல்லாம் சேர்த்துச் சில நிமிடங்கள். செலவு ஒன்றுமில்லை. ஒரு சுத்தியலும் ஒரு குச்சியும்.

அழவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் கட்டிலின் விளிம்பை வலக்கையால் இறுக்கிப் பிடித்தேன். இடக்கையாலும் பிடிக்கப் பார்த்தேன். அது பிடிக்கவில்லை.

அன்றே எம்.ஆர்.ஐ எடுத்தார்கள். கழுத்தின் அடியில், தண்டுவடத்தை ஒரு பக்கமாக நெரித்துக்கொண்டு கட்டி இருந்தது. மெனிஞ்சியோமா (மூளையையும் தண்டுவடத்தையும் மூடியிருக்கும் உறையிலிருந்து வளரும் கட்டி). பெரும்பாலும் புற்றுநோய் அல்ல, மெதுவாக வளரும், அகற்றலாம் என்று அந்த வைத்தியர் விளக்கினார்.

“ஒரு வருடத்துக்கு முன் கண்டுபிடித்திருந்தால்?” என்று கேட்டேன்.

“உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கையும் காலும் முழுதாகத் திரும்பியிருக்க வாய்ப்பு அதிகம்” என்றார். மழுப்பாமல் சொன்னதற்காக அவருக்கு நன்றி சொன்னேன்.

சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது என்றார்கள். லாமினெக்டமி (முள்ளெலும்பின் பின்பக்கத்தைத் திறந்து தண்டுவடத்தை அடைவது) செய்து கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள். பிறகு மலையடிவாரத்தில் ஒரு ரேஹாவுக்கு, அதாவது மீள்பயிற்சி மருத்துவமனைக்கு, அனுப்பினார்கள். அங்கேதான் எனக்கு எது இல்லாமல் போயிற்று என்று தெரிந்தது. கண்ணை மூடினால் என் இடக்கால் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தன்னிலை உணர்வு (பார்க்காமலே கை கால் இருக்கும் இடத்தை அறிவது) குறைந்துவிட்டது என்றார் அங்கே எனக்கு நடை பழக்கிய சிகிச்சையாளர். பந்தைப் பார், உடம்பு தானாக வரும் என்று மற்றவர்களுக்குச் சொல்லியே வாழ்ந்தவள் நான். என் உடம்பு இனித் தானாக வராது.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள். குகனின் அக்கா சூப் கொண்டுவந்தார். “கடவுளே எண்டு தப்பிட்டாய், ராஜி. ஆரோ கண் வைச்சிட்டினம். இனி உந்த விளையாட்டை விட்டுட்டுப் பேசாமல் வீட்டில இரு” என்றார்.

“கண் வைச்சதால வரேல்லை, மச்சாள். கண்ணால பாக்க வேண்டியவர் பாக்காததால வந்தது” என்றேன். அவர் முகம் வாடியது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த நாட்களில் கோபத்தை ஆள் பார்த்துக் கொடுக்க எனக்குத் தெரியவில்லை.

அடுத்து வந்தவர் கல்லூரியின் விளையாட்டுத்துறைத் தலைவர். பெரிய பூங்கொத்து. நலம் விசாரித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நீங்கள் எதற்கும் கவலைப்படக் கூடாது. பெண்கள் அணியை ஆண்கள் அணியோடு சேர்க்கிறோம். ஒரே பயிற்சியாளர், ஒரே நேரம். தற்காலிகமாகத்தான்.”

“யாரைக் கேட்டு?”

“உங்களைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று நினைத்தோம்.”

பூங்கொத்தைத் திருப்பி அவர் மடியில் வைத்தேன். “தற்காலிகம் என்று சொல்லி இந்தக் கல்லூரியில் எங்களிடமிருந்து எடுத்த எதுவும் திரும்பி வந்ததில்லை. மிரியம் இருக்கிறாள். அவளைச் சம்பளத்தோடு நியமியுங்கள்.”

“நீங்கள் ஓய்வெடுக்க வேண்டும்” என்றார்.

எனக்குக் கேட்ட குரல் அவருடையது மட்டுமில்லை. என் உடம்பைப் பற்றி எனக்கே சொல்லித் தந்த எல்லோருடைய குரலும் அதில் இருந்தது.

பெண்கள் சும்மா இருக்கவில்லை. அணித் தலைவி செலினா தொலைபேசியில் சொன்னாள்: சேர்ந்த பயிற்சிக்கு ஒருவரும் போகவில்லையாம். பழைய நேரத்துக்கே மைதானத்துக்குப் போகிறார்களாம். மிரியம் வேலை முடிந்து வந்து பயிற்சி கொடுக்கிறாளாம், சம்பளம் இல்லாமல் சும்மா.

“சும்மா கொடுக்க விடாதே” என்றேன்.

“ஏன்? அவளுக்கு விருப்பம்தானே?”

“எனக்கும் விருப்பம்தான் இருந்தது. அதனால்தான் என்னை வருடக்கணக்கில் சும்மா வைத்திருந்தார்கள். அவளுக்கு வேலையைக் கொடுங்கள் என்று எல்லோருமாகப் போய்க் கேளுங்கள்.”

கேட்டார்கள். போட்டிக்கு எங்கள் அணியாகவே போவோம், இல்லாவிட்டால் கல்லூரியின் பெயரில் போக மாட்டோம் என்றார்கள். நடக்க உதவும் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு, அதற்காகக் கல்லூரி கூட்டிய கூட்டத்துக்கு நானும் போனேன். பெண்கள் அணி தனியாகவே இருக்கும் என்று முடிவாயிற்று. மிரியம் தலைமைப் பயிற்சியாளர். நான் திரும்பி வந்தால் அவளுக்குக் கீழே, பாதி நேரம்.

நான் கேட்டது கிடைத்தது. என் இடம் போயிற்று. இரண்டும் ஒரே பிற்பகலில் நடந்தன. மிரியம் வெளியே வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவளுக்காகச் சந்தோஷப்பட்டேன். வீட்டுக்கு வந்து கதவை மூடிக்கொண்டு தலையணையைக் குத்தினேன், வலக்கையால்.

இன்னொரு வேலை பாக்கி இருந்தது. தடியூன்றி நடக்கத் தொடங்கியதும் பழைய குடும்ப வைத்தியரிடம் நேரம் கேட்டுப் போனேன். குகன் வாசலில் நின்றார். “நான் உள்ளுக்கு வரேல்லை. இந்த முறை அந்தாள் உம்மோடதான் கதைக்க வேணும்” என்றார்.

வைத்தியர் எழுந்து கை கொடுத்தார். “நன்றாகத் தேறிவிட்டீர்கள்.”

“நீங்கள் என் காலைத் தொட்டுப் பார்க்கவில்லை” என்றேன்.

“இப்படியான கட்டிகள் மிக அரியவை. எந்த வைத்தியரும்...”

“கட்டியைக் கண்டுபிடிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. கால் இழுபடுகிறது என்று சொன்ன ஒருத்தியின் காலைப் பார்க்கவில்லை. என் பண்பாட்டைப் பற்றி என் கணவருக்கு விளக்கினீர்கள்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.”

“எனக்கு இருக்கிறது” என்று சொல்லிவிட்டு எழுந்தேன். மன்னிப்பு வரும் என்று எதிர்பார்த்துப் போனேன் என்பதை வெளியே வந்த பிறகுதான் உணர்ந்தேன். அது வரவில்லை. உங்களுக்கும் வராமல் போகலாம். அதற்காகப் போகாமல் இருக்க வேண்டாம். நோயாளிகளுக்கு உதவும் ஓர் அலுவலகத்தில் முறையீடும் கொடுத்திருக்கிறேன். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

கோபத்தை விட்டால்தான் குணமாகும் என்று ரேஹாவில் ஒருவர் சொன்னார். என் அனுபவம் அதுவல்ல. காலையில் கட்டிலிலிருந்து என்னை எழுப்பி நிறுத்தியது பல நாட்கள் அந்தக் கோபம்தான். இப்போது அது குறைந்திருக்கிறது. போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

உடம்பும் திரும்பிய அளவுக்குத்தான் திரும்பியிருக்கிறது. எழும்புமுன் காலைப் பார்க்கிறேன், அது தரையில் இருக்கிறதா என்று. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஒரு சிறு யோசனை வருகிறது. முன்பு ஒரு பருவம் போவதே தெரியாது. இப்போது ஒரு மைதானத்தைக் கடப்பதே ஒரு பொழுது. அந்தப் பொழுது முழுவதும் நான் அதற்குள்ளேயே இருக்கிறேன்.

போன வாரம் செலினாவோடும் இன்னும் இரண்டு பெண்களோடும் சில குழிகள் ஆடினேன். குழிக்குப் பக்கத்துப் புல்தரையில் குனிந்து, கால்களைப் பார்த்து வைத்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குப் பின்னால் ஆடி வந்த ஆண்கள் சிலர், நாங்கள் முடித்து நகரும்வரை காத்து, இடுப்பில் கைவைத்து நின்றார்கள். ஒருவர் உரத்துக் கேட்டார், இன்னும் எவ்வளவு நேரம் என்று.

செலினாவின் முகம் சிவந்தது. “அவர்களை முந்திப் போக விடுவோமா?” என்றாள் மெதுவாக.

“இல்லை” என்றேன். “இப்போது எங்கள் முறை.”

அடித்தேன். பந்து குழியின் விளிம்பைத் தொட்டு வெளியே நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். அவர்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள்.

அடுத்த அடிக்கும் அதே அளவு நேரம் எடுத்துக்கொண்டேன்.