சாமிகிட்ட போன வண்டி

இந்த ஊரில் யாரும் ஹாரன் அடிப்பதில்லை. பஸ்ஸும் லாரியும் சத்தமே இல்லாமல் வளைவுகளில் திரும்புகின்றன. ஹாரன் அடித்தால் எதிரே இருப்பவரைத் திட்டுவதாக அர்த்தமாம். ஆகவே ஜெர்மனியின் இந்தச் சின்ன நகரத்துக் காலை பஸ்ஸில் கேட்கிற ஒரே ஹாரன், ஐந்து வயதான என் மகள் மலர் வாயால் அடிப்பதுதான். பஸ் எங்கே வளைந்தாலும் "பாம், பாம்" என்பாள். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் பல்லைக் காட்டி வைப்பேன். கொல்லிமலையில் பிறந்தவர்களுக்கு வளைவில் ஏன் ஹாரன் அடிக்க வேண்டும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. இவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க என் ஜெர்மன் போதாது.

அவளுக்கு அதைப் பழக்கியது அவள் அப்பா. கொல்லிமலையில் திண்ணனூர் நாடு என்கிற பகுதியில் எங்கள் ஊர். வாழைத்தாரும் மரவள்ளியும் ஏற்றிக்கொண்டு நாமக்கல்லுக்கு இறங்கும் பிக்கப் வண்டி அவருடையது. மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, வளைவு வந்தால் "அடி சாமி" என்பார். அவள் எட்டி ஹாரனை அமுக்குவாள். எங்கள் பக்கம் பிள்ளைகளைக் கண்ணு என்போம், சாமி என்போம். அவருக்கு அவள் எப்போதும் சாமிதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. ஒரு மழைநாளில் மலை ஏறி வரும்போது வண்டி வளைவில் வழுக்கிக் கீழே உருண்டது. மகளுக்குச் சிராய்ப்பு மட்டும். அவர் அங்கேயே போய்விட்டார். ஆட்கள் இறங்கி வரும்வரை அவள் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம்.

அப்பா எங்கே என்று கேட்டவளுக்கு முதலில் பதில் சொன்னது என் அக்கா. "அப்பா சாமிகிட்ட போயிட்டாரு கண்ணு." அப்புறம் ஊரே அதைச் சொன்னது. நானும் சொன்னேன். அவள் அழவில்லை. அவரை மண்ணில் வைக்கும்போது அவளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். புள்ளைக்கு வெவரம் தெரியலை, அதுவும் நல்லதுக்குத்தான் என்றார்கள். நான் நர்ஸ். ஜெர்மனி வேலைக்கான பரீட்சையை அவர் இருந்தபோதே எழுதி முடித்திருந்தேன். மூன்று பேராக வருவதாகத்தான் பேச்சு. இரண்டு பேராக வந்து சேர்ந்தோம்.

பாலர் பள்ளியை இங்கே கீட்டா என்கிறார்கள். போன மாதம் அங்கே மலரைப் பார்த்துக்கொள்ளும் டீச்சர் ஃபிராவ் பெர்கர் என்னை உள்ளே கூப்பிட்டு, அவள் விளையாட்டைக் காட்டினார். மரக்கட்டைகளை அடுக்கி வளைந்து வளைந்து மேலே போகும் ஒரு ரோடு. மலர் அதன் உச்சியில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கீழிருந்து ஒரு காரை ஏற்றி வருகிறாள். ஒரு வளைவில் கார் கவிழ்கிறது. உள்ளே இருந்த டிரைவர் பொம்மையை எடுத்து மேலே நடக்கவைக்கிறாள். அவள் மடிக்கு ஒரு சாண் கீழே பொம்மை நின்றுவிடுகிறது. மறுபடியும் கீழே கொண்டுபோய் முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். தினமும் இதேதான், வேறு பிள்ளைகளோடு சேர்வதே இல்லை என்றார் ஃபிராவ் பெர்கர்.

"வாஸ் இஸ்ட் சாமி?" என்று கேட்டார். சாமி என்றால் என்ன?

"கோட்" என்றேன். கடவுள்.

அவர் முகம் மாறிவிட்டது. "'இஷ் பின் சாமி' என்கிறாளே. தன்னைக் கடவுள் என்றா நினைக்கிறாள்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் மலையில் பிள்ளைகளை அப்படிக் கூப்பிடுவோம், நீங்கள் ஷாட்ஸ் என்று கொஞ்சுவதுபோல என்றேன். அவருக்கு நிம்மதி. எனக்கும் பெரிய விளக்கம் கொடுத்துவிட்ட பெருமை. வீட்டுக்கு நடக்கும்போது பேச்சுவாக்கில் மகளிடம் கேட்டேன்.

"ஏன் கண்ணு, அந்த டிரைவரு மேல வந்து சேர்றதே இல்லை?"

"அப்பா சாமிகிட்ட போயிட்டாருன்னு நீதான சொன்ன."

"ஆமா சாமி."

"நாந்தான சாமி. எங்கிட்ட இன்னும் வரவே இல்லையே." கொஞ்ச தூரம் போனபின் கேட்டாள். "நாம பாட்டுக்கு இங்க வந்துட்டோம். அப்பாவுக்கு வழி தெரியுமா?"

நடுரோட்டில் நின்றுவிட்டேன். இத்தனை மாதமும் என் பிள்ளை விளையாடவில்லை. காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் யார் யாருக்கோ சாவைச் சொல்லியிருக்கிறேன். தமிழில் அந்த ஒரு சொல்லை என் மகளிடம் சொல்ல நாக்கு எழவில்லை. தோட்டத்தில் குருவி செத்துக் கிடந்தால்கூட இந்த ஊரார் பிள்ளைகளிடம் டோட், செத்துவிட்டது என்று நேராகச் சொல்வார்கள். என்ன கல்நெஞ்சம் என்று நினைத்ததுண்டு. அன்று அவர்கள் மாதிரி சொன்னேன்.

"அப்பா செத்துட்டாரு கண்ணு. மண்ணுல வெச்சுட்டோம். இனி வரமாட்டாரு."

"எங்கிட்டயும் வரமாட்டாரா?"

"மாட்டாரு."

பிறகு பசிக்கிறது என்றாள். கடையில் ரொட்டி வாங்கிக் கொடுத்தேன். பாதி தின்றபிறகுதான் அழுதாள். வாயில் ரொட்டியோடு, மூச்சு முட்ட, அவர் போன அன்று அழவேண்டிய அழுகையை அழுதாள். போனில் விஷயத்தைக் கேட்ட அக்கா, "பச்சப் புள்ளைகிட்ட இப்படியா சொல்லுவ? வெள்ளைக்காரியாவே மாறிட்டியா?" என்று வைத்துவிட்டாள். அவள் கோபத்தில் தப்பில்லை. பிள்ளையின் மேல் உள்ள பாசத்தில்தான் அவளும் அன்று அப்படிச் சொன்னாள்.

மரக்கட்டை ரோட்டை மலர் அதன்பின் தொடவில்லை. நேற்று நான் கூட்டிவரப் போனபோது மணல்தொட்டியில் இருந்தாள். ஒரு மூலையில் குழி பறித்து டிரைவர் பொம்மையைப் படுக்கவைத்து மூடியிருந்தாள். எதிர் மூலையில் இன்னொரு குழி, அதில் ஒரு பெண் பொம்மையும் ஒரு குட்டிப் பொம்மையும். அங்கிருந்து அப்பா இருக்கும் பக்கமாகக் கையாலேயே தோண்டிக்கொண்டு போனாள்.

"என்ன கண்ணு பண்ற?"

"நாம இங்க செத்துட்டா, அப்பா அங்கல்ல இருப்பாரு? அதான், மண்ணுக்குள்ளயே வழி தோண்டறேன்."

ஃபிராவ் பெர்கர் வந்து பார்த்தார். மலர் கடைசியில் மற்றப் பிள்ளைகள்போல விளையாடுகிறாள் என்று அவருக்குச் சந்தோஷம். "கால்வாயா, எவ்வளவு அழகு" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு, பூவாளியை எடுத்துவந்து தண்ணீர் ஊற்றினார். பாதி தூரம்கூடப் போகாமல் மணல் அதைக் குடித்துவிட்டது. மலர் மரியாதையாக "டாங்கே" என்று நன்றி சொல்லி, ஈரத்தில் மறுபடியும் கையை விட்டாள். நான் பையைக் கீழே வைத்துவிட்டு, அவள் அப்பா இருந்த மூலையிலிருந்து தோண்ட ஆரம்பித்தேன்.