நான்காவது தோள்

இங்கிலாந்தோடு சண்டை நடந்த காலத்தில், ஹன்னா டெவேன் தன் இரண்டு மகன்களின் துப்பாக்கிகளையும் ஒரே வைக்கோல் போருக்குள் ஒளித்து வைத்தாள். சண்டை ஓய்ந்து, இங்கிலாந்தோடு செய்த சமாதான ஒப்பந்தம் டப்ளினில் வாக்கெடுப்புக்கு வந்தபோதுதான் வீடு இரண்டானது.

"கிடைச்ச சுதந்திரத்த முதல்ல வாங்கிக்குவோம்டா," என்றான் மூத்தவன் கார்மாக்.

"இங்கிலாந்து ராஜாவுக்கு விசுவாசமா இருப்போம்னு சத்தியம் பண்ணவா இத்தனை பேர் செத்தாங்க?" இளையவன் மாரிஸ் மேசையை எட்டி உதைத்தான்.

"சத்தியம் பண்ணப் போறவன் டப்ளின்ல இருக்கான். என் தட்டை ஏன்டா உடைக்கிறீங்க?" என்று கத்தினாள் ஹன்னா.

கார்மாக் புது அரசின் ராணுவத்தில் சேர்ந்தான். மாரிஸ் ஒப்பந்தத்தை ஏற்காதவர்களோடு மலையேறினான். அந்தக் கோடையிலேயே அதே ராணுவம் அவனைச் சுட்டுக் கொன்றது.

அவர்கள் ஊர் இருந்த கெரி பக்கம், இறந்தவரின் குடும்பப் பெயர் கொண்ட நான்கு ஆண்கள்தான் சவப்பெட்டியைத் தூக்க வேண்டும். ஹன்னாவின் கொழுந்தனும் அவர் மகன்கள் இருவரும் தோள் கொடுத்தார்கள். நான்காவது ஆள் கல்லறைத் தோட்டத்து வாசலில் சீருடையோடு நின்றான்.

"அண்ணி, அவனும் டெவேன்தானே. கூப்பிடட்டுமா?"

"அந்தக் கோட்டைக் கழட்டிட்டு வரச் சொல்லு."

கார்மாக் தலையைக் குனிந்துகொண்டான். பொத்தானில் கை வைக்கவில்லை.

ஹன்னா சால்வையை இழுத்து முடிந்துகொண்டு, தானே பெட்டிக்கு அடியில் தோளைக் கொடுத்தாள். அவள் குள்ளம். பெட்டி அவள் பக்கம் சரிந்தது.

"பொம்பளை தூக்கக் கூடாது அண்ணி!"

"இவனுக்கு நாலு பேர் ஆயாச்சு, நடங்க."

வாசலைக் கடக்கும்போது மகனைப் பார்க்காமலே சொன்னாள்:

"எனக்குத்தான் இனி நாலாவது ஆள் இல்ல."