புளி போட்டுத் துலக்கிய காசுகள்

ஒரு காசின் மதிப்பு அதன் செம்பில் இருக்கிறதா, அதன்மேல் ஏறிய பச்சைக் களிம்பிலா? ஆண்டிமடம் முந்திரி மண்டியில் எடை போட்டுவந்த சாமிதுரையின் வாழ்க்கை இந்தக் கேள்வியில்தான் வந்து சிக்கிக்கொண்டது.

அவரைக் கெட்டிக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. பிடிவாதக்காரர், அவ்வளவுதான். சீட்டுப் பிடித்தவன் ஒருமுறை பணத்தோடு ஓடிப்போன பிறகு, மண்ணில் கிடைக்கும் காசு ஓடாது என்று நம்பினார். மழை விட்ட மறுநாள் உழவில் தட்டுப்படும் புலிச் சின்னம் பொறித்த சோழர் காலத்துச் செப்புக்காசுகளை எழுபத்திரண்டாம் வருஷத்திலிருந்து ஒவ்வொன்றாக வாங்கினார். பதினோரு வருஷத்தில் ஒரு பால்மாவு டப்பா நிறைந்தது. மகள் தனத்தின் கல்யாணத்துக்கு அந்த டப்பாவைத்தான் நம்பியிருந்தார். வைகாசியில் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது.

பழங்காசு வாங்கி மெட்ராசுக்கு அனுப்பும் லப்பைக்குடிக்காடு சைபுல்லா, ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியனுப்பினார். வருகிறவர் முன்னால் பச்சை பிடித்த காசை வைப்பது மரியாதையில்லை என்று சாமிதுரையின் மனைவி இருசம்மாளுக்குத் தோன்றியது. அதற்கு முதல் நாள் சாமிதுரை மண்டிக்குப் போயிருந்தபோது, குத்துவிளக்குக்குச் செய்வதுபோலப் புளியும் செங்கல் பொடியும் போட்டு அத்தனையையும் தேய்த்துவைத்தாள்.

சைபுல்லா டப்பாவைத் திறந்தார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். இன்னொன்றையும் எடுத்தார்.

"யாருண்ணே இப்படிப் பண்ணுனது?"

"ஏன் பாய், பளபளன்னுதானே இருக்கு?" என்றாள் இருசம்மாள்.

"இருக்கு தாயி. நேத்து அடிச்ச காசு மாதிரியே இருக்கு. எழுத்தும் போச்சு, புலியும் போச்சு. இனிமே இது பாத்திரக் கடைக்குத்தான்."

சாமிதுரை சட்டைப்பையைத் தடவினார். முந்தின நாள் மண்டியில் ஒருவருக்குக் காட்டுவதற்காக எடுத்துப்போன காசு ஒன்று மட்டும் அதில் தங்கியிருந்தது. களிம்புக்கு அடியில் புலி உட்கார்ந்த நிலையில் தெளிவாகத் தெரிந்தது.

"இதுக்கு ஐந்நூறு தரேண்ணே. முகூர்த்தப் பொடவைக்காச்சும் ஆவும்."

"நாளைக்குச் சொல்றேன் பாய்."

சைபுல்லா போன பிறகு இருசம்மாள் அடுப்புப் பக்கமே போகவில்லை. "இந்தக் கைய வெட்டிப் போடணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"வுடும்மா" என்றாள் தனம்.

பொழுது சாயும் நேரத்திலும் அவள் புலம்பல் ஓயாததைக் கேட்டுக்கொண்டே சாமிதுரை கொல்லையில் பாத்திரம் துலக்கும் கல்லருகே குந்தினார். அங்கே மிச்சமிருந்த புளியில் அந்தக் காசைப் போட்டார். புலி மறையும்வரை செங்கல் பொடியால் தன் கையாலேயே தேய்த்தார்.

"ஏங்க, அதையுமா?" என்று ஓடிவந்தாள் இருசம்மாள்.

அவர் அதைக் கழுவி, வேட்டியில் துடைத்து, டப்பாவில் மற்றவற்றோடு போட்டு மூடினார். வைகாசியில் கல்யாணம் நடக்கவில்லை. அன்று ஏன் அப்படிச் செய்தார் என்று அவள் எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தாள். அவர் கடைசிவரை சொல்லவில்லை.